நம்புவதற்கு எது அளவை?

மணிமேகலை வஞ்சி மாநகரத்திலே பல சமயவாதிகளையும் கண்டு, அவரவர் கொள்கையை அவரவர் வாயிலாகவே கேட்டறிந்த வரலாற்றைச் சொல்லும் காதை ஒன்று அவள் பெயர் கொண்ட காப்பியத்தில் இருக்கிறது. சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி என்று ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் தத்துவத்தை விரித்துரைத்த பிறகு, பூதங்களின் சேர்க்கையால் தோன்றும் உணர்வு அவை பிரிந்ததும் ஒழிந்துபோகும், இப்பிறப்பும் இதன் பயனுமே மெய், மறுமை என்பது பொய் என்று சாதிக்கும் பூதவாதியும் இறுதியாகப் பேசுகிறான். இவர்கள் அனைவருக்கும் முன்னதாக மணிமேகலை சந்திப்பது அளவைவாதியை. ஒரு பொருள் உண்டென்றோ இல்லையென்றோ தீர்மானிப்பதற்கு மனிதனிடம் இருக்கும் கருவிகள் எவை, அவை எத்தனை, அவற்றுள் பழுதுபட்டவை எவை என்பதே அவனுடைய பேச்சு முழுவதும். வேதவியாசர் கொண்ட அளவைகள் பத்து, கிருதகோடி கொண்டவை எட்டு, சைமினி கொண்டவை ஆறு என்று அவன் கணக்குச் சொல்லி முடித்த பிறகுதான் தெய்வங்களைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது.

நாத்திகம் என்றவுடன் அது மேல்நாட்டிலிருந்து அண்மையில் வந்திறங்கிய சரக்கு என்று எண்ணுவோரும், சமய விஷயங்களில் ஆதாரம் கேட்பதே பக்திக்கு விரோதமான செய்கை என்று மனம் வருந்துவோரும் நம்மிடையே உண்டு. இவ்விரு சாராருக்கும் மணிமேகலையின் ஆசிரியர் வகுத்த வரிசை ஒரு செய்தியைச் சொல்கிறது. பிரமாணம், அதாவது அளவை, கேட்பது இந்நாட்டில் ஆத்திகருக்கும் நாத்திகருக்கும் பொதுவான பழக்கமாக இருந்தது. பிரமாணம் இன்றிப் பிரமேயம், அதாவது அறியப்படும் பொருள், சித்திக்காது என்பதை இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டே வாதத்துக்கு உட்கார்ந்தார்கள். அவர்கள் பிரிந்துபோன இடம், எந்தப் பிரமாணம் எவ்வளவு தூரம் நம்மை அழைத்துச் செல்லும் என்ற கேள்வியில்தான். அந்தக் கேள்வியைத் தெளிவாகப் புரிந்துகொண்டால், இன்றைய நாத்திகர் ஒருவர் சமயக் கூற்றுகளை ஏற்க எத்தகைய சான்றைக் கேட்கிறார் என்பதும், அவருக்கு விடை சொல்ல முயலும் பக்தர் எங்கே வலுவாகவும் எங்கே நலிவாகவும் நிற்கிறார் என்பதும் தாமே விளங்கும்.

காண்டலும் கருதலும்

அளவைகள் பத்தென்றும் எட்டென்றும் விரிந்தாலும், பெரும்பாலோர் அவற்றை மூன்றுக்குள் அடக்கிவிடலாம் என்று கருதினார்கள். கண் முதலிய புலன்களால் நேரே அறிவது காண்டல், அதாவது பிரத்தியட்சம். கண்ட ஒன்றைக்கொண்டு காணாத ஒன்றை ஊகித்து அறிவது கருதல், அதாவது அனுமானம். நம்பத்தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது உரை, அதாவது சப்தப் பிரமாணம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் இயற்றிய சிவஞான சித்தியாரின் சுபக்கம் இந்த அளவைகளை விளக்கிவிட்டே சித்தாந்தத்துக்குள் நுழைகிறது. அதன் பரபக்கமோ உலகாயதனுடைய கொள்கையை முதலில் எடுத்துக் கூறி மறுத்த பிறகே மற்ற மதங்களைத் தொடுகிறது.

உலகாயதர் அல்லது சார்வாகர் எனப்பட்டவர்கள் காண்டல் ஒன்றையே பிரமாணமாக ஒப்பினார்கள். புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கிறாயே, புகையுள்ள இடமெல்லாம் நெருப்பும் உண்டு என்ற பொதுவிதியை எங்கே கற்றாய்? அடுக்களையில் கண்டிருப்பாய், காட்டுத்தீயில் கண்டிருப்பாய். கழிந்துபோன காலத்துப் புகையையும் இனி வரப்போகும் காலத்துப் புகையையும் உலகின் மூலைமுடுக்குகளில் எழும் புகையையும் கண்டவர் யார்? இதுவே அவர்களுடைய ஆட்சேபம். இப்படிக் காண்டலையே நம்பிய பூதவாதியைப் பார்த்து மணிமேகலை திருப்பிக் கேட்ட வினா சுருக்கமானது: உன்னுடைய தாயும் தந்தையும் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்வாறு அறிந்தாய்? தன் பிறப்பைத் தானே கண்டவன் ஒருவனும் இல்லை. காண்டலை மட்டும் நம்புவேன் என்று விரதம் பூண்டவன் தன் வீட்டு முகவரியைக்கூட நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இந்த அடியைத் தாங்கிக்கொள்ளும் பொருட்டே போலும், புரந்தரர் என்ற சார்வாக ஆசிரியர் ஒருவர் தம் மதத்தில் ஒரு திருத்தம் செய்தார். உலக விவகாரங்களில் அனுமானத்தை நாங்களும் ஒப்புகிறோம். உலகியலைக் கடந்த மறுமை முதலியவற்றை நிலைநாட்ட அனுமானத்தை இழுத்துச் செல்வதைத்தான் ஒப்பவில்லை என்பது அவர் கூற்றாக, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தரான கமலசீலருடைய உரையில் பதிந்திருக்கிறது. அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கக் கண்ட நாம், மலைமேல் ஊகித்த நெருப்பையும் ஏறிச் சென்று பார்த்துவிடலாம். ஊகம் பிழையானால் திருத்திக்கொள்ளலாம். சுவர்க்கத்தைப் பற்றிய ஊகத்தை அவ்வாறு போய்ப் பார்த்துத் திரும்பியவர் இல்லை. இன்றைய அறிவியல் சார்ந்த நாத்திகர் நிற்கும் இடம் ஏறக்குறைய புரந்தரர் நின்ற இடமே. அணுவையும் நுண்ணுயிரையும் கண்ணால் காணாதபோதும் அவர் நம்புகிறார். ஏனென்றால் அந்த ஊகங்கள் பரிசோதனையில் தோற்றுப்போக இடங்கொடுத்தும் தோற்காதவை.

புரந்தரருடைய நூல் நமக்குக் கிடைக்கவில்லை. சார்வாகர்களின் மூலநூலாகச் சொல்லப்படும் பிருகஸ்பதி சூத்திரமும் மறைந்துவிட்டது. அவர்களை மறுத்தவர்கள் எடுத்துக்காட்டிய துண்டுகளைக்கொண்டே அவர்களுடைய மதத்தை அறிகிறோம். அந்தச் சூழலில் பிறந்தது என்று கருதத்தக்கதாய் முழுமையாகக் கிடைத்திருப்பது ஜயராசி பட்டர் இயற்றிய தத்துவோபப்லவசிம்மம் ஒன்றே. குஜராத்திலுள்ள பாட்டணத்தில் அதன் ஓலைப்பிரதி 1926ஆம் ஆண்டு வெளிப்பட்டு, 1940இல் பரோடாவில் அச்சேறியது. ஜயராசியோ மற்றச் சார்வாகரையும் விஞ்சியவர். காண்டலும் ஐயமற்ற பிரமாணமன்று என்று வாதித்து, எல்லாத் தரிசனங்களின் அஸ்திவாரத்தையும் ஒருசேர அசைத்துப் பார்த்தவர்.

குடமும் புற்றும்

கடவுள் உண்டு என்பதை அனுமானத்தால் நிறுவ முயன்றவர்களில் தலைசிறந்தவர்கள் நியாய சாத்திரத்தாராகிய நையாயிகர்கள். குடம் என்பது ஒரு காரியம், ஆதலால் அதை வனைந்த குயவன் ஒருவன் இருந்தே தீரவேண்டும். பூமியும் மலையும் முளையும் அவ்வாறே காரியங்கள், ஆதலால் அவற்றுக்கும் அறிவுடைய ஒரு கர்த்தா இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய வாதம். மிதிலையில் வாழ்ந்த உதயனர் தம்முடைய நியாயகுசுமாஞ்சலியில் இந்த வாதத்தை அசைக்க முடியாத கோட்டையாகக் கட்டி முடிக்க முயன்றார். தமிழகத்தில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் முதற் சூத்திரமும் இந்த வகையைச் சேர்ந்ததே. அவன் அவள் அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் இயல்புடையதாக இருப்பதைக்கொண்டு, அதை ஒடுக்கி மீளத் தோற்றுவிக்கும் முதல்வன் ஒருவன் உளன் என்று அந்தச் சூத்திரம் துணிகிறது. ஒரு சைவ சாத்திரம் துதியாகவோ ஆணையாகவோ தொடங்காமல் ஓர் அனுமானமாகத் தொடங்குகிறது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

இந்த வாதத்தை முதலில் எதிர்த்தவர்கள் சார்வாகர் மட்டும் என்று நினைப்பது தவறு. வேதத்தின் ஒவ்வோர் எழுத்தையும் பிரமாணமாகக் கொண்ட மீமாம்சகராகிய குமாரில பட்டர், ஏழாம் நூற்றாண்டளவில் இயற்றிய சுலோகவார்த்திகத்தில், சிருஷ்டிகர்த்தா ஒருவன் உண்டென்பதை நயமின்றி மறுக்கிறார். படைக்கும்போது அருகிலிருந்து கண்டு வந்து சொன்னவர் யார்? உடலில்லாதவனுக்குப் படைக்கவேண்டும் என்ற விருப்பம் எவ்வாறு எழுந்தது? உடல் இருந்ததென்றால் அந்த உடலைப் படைத்தது யார்? உயிர்களே இல்லாதிருந்தபோது அவன் யார்மீது இரங்கி உலகைப் படைத்தான்? இரங்கியே படைத்தான் என்றால் அந்த உலகம் துன்பத்தால் நிறைந்திருப்பது ஏன்? இன்று ஒரு பகுத்தறிவு மேடையில் இந்தக் கேள்விகளை ஒருவர் எழுப்பினால் அவரை நாத்திகர் என்று சொல்வோம். எழுப்பியவரோ வைதிக மார்க்கத்தின் தூண்களில் ஒருவராக மதிக்கப்பட்டவர்.

பௌத்த ஆசிரியராகிய தர்மகீர்த்தியின் மறுப்பு இன்னும் நுட்பமானது. குடத்தைப் போல மண்ணால் ஆகிய உருவம் என்பதற்காகவே குயவன் ஒருவனை ஊகிக்கலாமென்றால், கறையான் எழுப்பிய புற்றும் குயவன் செய்ததாகிவிடும் என்றார் அவர். குயவர் குடம் வனைவதைப் பலமுறை கண்டிருக்கிறோம், ஆதலால் குடத்தைக் கண்டால் குயவனை ஊகிக்கிறோம். உலகங்கள் படைக்கப்படுவதை ஒருமுறையேனும் கண்டதில்லை, ஆதலால் இங்கே ஊகத்துக்குப் பிடிமானம் இல்லை என்பது அதன் கருத்து. உதயனர் மரபினர் இதற்கு வாளாவிருக்கவில்லை. மண்ணாலாகியது என்பது எங்கள் ஊகத்துக்கு ஏது அன்று, காரியமாக இருப்பதே எங்கள் ஏது. கர்த்தாவுக்கு வேண்டுவன அறிவும் விருப்பும் முயற்சியுமே, உடல் கட்டாயமன்று என்று பதில் கூறினார்கள்.

எவரும் எதிர்பாராத குரல் ஒன்று இந்த வழக்கில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒலித்தது. பக்தியின் உருவமேயான ராமாநுஜர், தம் ஸ்ரீபாஷ்யத்தில், அனுமானத்தால் இறைவனை நிறுவ முடியாது என்று விரிவாகவே வாதிக்கிறார். குடத்தையும் குயவனையும் உவமையாகக்கொண்டு ஊகித்தால், மலையையும் கடலையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கர்த்தாக்கள் செய்திருக்கலாம் என்றும் ஊகிக்கலாம். நாம் கண்ட கர்த்தாக்கள் எல்லாரும் உடலும் குறைபாடும் உடையவர்களாதலால் அந்தக் கர்த்தாவும் அப்படிப்பட்டவனே என்றும் ஊகிக்க நேரும். இறைவனை அறிவதற்குச் சாத்திரம் ஒன்றே வழி என்பது அவருடைய முடிவு. சிருஷ்டியைக்கொண்டு கடவுளை நிறுவும் வாதம் செல்லாது என்பதில், ஒரு பரம பாகவதரும் இன்றைய நாத்திகரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள்.

ஐரோப்பாவில் இதே வழக்கு வேறு உவமையுடன் நடந்தது. வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார் 1802இல் வெளியிட்ட நூலில் குடத்தின் இடத்தில் கடிகாரத்தை வைத்தார்; கடிகாரத்தின் நுட்பம் அதைச் செய்தவனைக் காட்டுவது போலக் கண்ணின் நுட்பம் படைத்தவனைக் காட்டும் என்றார். 1859இல் டார்வின் தம் நூலை வெளியிட்டபோது, திட்டமிடுவோர் ஒருவர் இல்லாமலே, மாறுபாடும் இயற்கைத் தேர்வும் நீண்ட காலமும் சேர்ந்து கண் போன்ற உறுப்பை உருவாக்கக்கூடும் என்பது விளங்கிற்று. தர்மகீர்த்தி சுட்டிய புற்றுக்குக் குயவன் வேண்டாம் என்பதைப் போலவே, உயிர்களின் அமைப்புக்கும் வேறு காரணம் காட்டப்பட்டுவிட்டது. எனினும் உலகமே ஏன் இருக்கிறது என்ற மூலக் கேள்வியை டார்வினுடைய விடை தொடவில்லை என்பதையும் நடுநிலையாளர் ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆப்தர் சொல்

அனுமானம் கைவிட்ட இடத்தில் சமயங்கள் பெரும்பாலும் உரை அளவையையே பற்றி நிற்கின்றன. உரையை இகழ்ந்து ஒதுக்கிவிட முடியாது. நாம் பிறந்த தேதியும் அந்தமான் என்ற தீவும் அசோகன் என்ற அரசனும் நமக்குத் தெரிந்தது பிறர் சொல்லித்தான். பொருளை நேரே அறிந்தவனாகவும், அறிந்ததை உள்ளவாறு சொல்ல விரும்புகிறவனாகவும் இருப்பவனே ஆப்தன், அவன் சொல்லே பிரமாணம் என்று நியாய சாத்திரம் இலக்கணம் வகுத்தது. வேதம் பிரமாணமாவது எவ்வாறு என்று கேட்டபோது, மந்திரமும் ஆயுர்வேதமும் கண்கூடாகப் பலிக்கக் காண்கிறோம், அவற்றைச் சொன்னவர்கள் நம்பத்தக்கவர்கள் என்பது அதனால் தெரிகிறது, ஆகவே நாம் காணாதவற்றைப் பற்றி அவர்கள் சொன்னதையும் நம்பலாம் என்று அந்த மரபினர் விடையளித்தார்கள். சோதிக்கத்தக்க பகுதியைச் சோதித்துவிட்டுச் சோதிக்க முடியாத பகுதிக்குக் கடன் கொடுக்கும் முறை இது. ஆனால் சுரத்துக்கு மருந்து சொல்வதில் வல்லவர் சுவர்க்கத்தின் நிலையிலும் வல்லவர்தாமா என்ற ஐயம் இங்கே எழாமல் இராது.

ஆப்தர்கள் பலராக இருந்து அவர்கள் தம்முள் முரண்படும்போது சங்கடம் பெரிதாகிறது. புத்தர் சர்வக்ஞர், அதாவது எல்லாம் அறிந்தவர், என்றால் சாங்கிய மதத்தின் கபிலர் சர்வக்ஞர் அல்லர் என்பதற்கு என்ன பிரமாணம், இருவருமே சர்வக்ஞர் என்றால் அவர்களுக்குள் அபிப்பிராய பேதம் ஏன் என்ற வினாவை மீமாம்சகர் எழுப்பினார்கள். அவர்கள் தேடிய பரிகாரமோ விசித்திரமானது. மனிதர் சொல்லில்தான் மயக்கமும் வஞ்சனையும் புகும். வேதம் எவராலும் செய்யப்படாததாகையால் அதில் பிழை புக வழியே இல்லை என்றார்கள். சொன்னவர் ஒருவரும் இல்லையென்றால் பிழைக்குக் காரணம் இல்லாதது போலவே மெய்ம்மைக்கும் காரணம் இல்லையே என்று பௌத்தர்கள் உடனே மடக்கினார்கள்.

1748இல் ஸ்காட்லாந்து தேசத்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் அற்புதங்களைப் பற்றி எழுதிய அதிகாரத்தில் இதே சங்கடத்தைக் கண்டார்: ஒவ்வொரு மதமும் தன் அற்புதங்களைத் தனக்குச் சான்றாகக் காட்டும்போது, ஒன்றின் சான்று மற்றொன்றின் சான்றை அறுத்துவிடுகிறது. அவர் வகுத்த முக்கியமான விதி வேறொன்று. இயற்கைக்கு மாறான ஒன்று நடந்ததாக ஒருவர் சாட்சி சொன்னால், அது நடந்திருப்பது அதிக வியப்பா, சாட்சி பொய்யாகவோ பிழையாகவோ இருப்பது அதிக வியப்பா என்று சீர்தூக்கிப் பார்த்து, எது குறைந்த வியப்போ அதை ஏற்றுக்கொள்க என்றார். சந்தையில் மாடு விற்றது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லே போதும். செத்த மாடு எழுந்து நடந்தது என்று அதே மனிதர் சொன்னால் அவர் சொல் மட்டும் போதாது. மனிதர் மாறவில்லை, கூற்றின் பளு கூடியிருக்கிறது, ஆகவே தாங்கும் சான்றும் வலுவாக இருந்தாகவேண்டும்.

இந்த விதிக்கு ஓர் ஆபத்து உண்டு என்பதை ஹியூமே உணர்ந்திருந்தார். தண்ணீர் கல்லாக உறையும் என்பதை நம்ப மறுத்த இந்திய அரசகுமாரன் ஒருவனை அவர் உதாரணம் காட்டுகிறார். தன் அனுபவத்தை வைத்து அவன் நியாயமாகத்தான் ஐயுற்றான், ஆனாலும் பனிக்கட்டி உண்மையே. பதினெட்டாம் நூற்றாண்டில் வானிலிருந்து கல் விழுந்தது என்று குடியானவர்கள் சொன்னதை ஐரோப்பியப் பண்டிதர் பலர் மூடநம்பிக்கை என்று தள்ளினார்கள். 1803ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரான்சிலுள்ள லேகிள் என்ற ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான கற்கள் ஒரே பகலில் விழுந்தபோது, அரசாங்கம் அனுப்பிய ழான் பத்தீஸ்து பியோ என்ற விஞ்ஞானி, ஒருவரை ஒருவர் அறியாத சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்தும், கற்களைப் பரிசீலித்தும், அவை சிதறிக் கிடந்த பரப்பை அளந்தும் வான்கல் உண்மை என்று நிறுவினார். ஐயுற்றவர்கள் தம் ஐயத்தைக் கைவிட்டார்கள். பெரிய கூற்றுக்கு ஏற்ற பெரிய சான்று என்றால் அது எவ்வாறிருக்கும் என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை.

காணாமையும் இல்லாமையும்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். கடவுளைக் காணவில்லை, ஆதலால் கடவுள் இல்லை என்று சொல்வது சரியான வாதமாகுமா? உதயனர் இதற்குப் பரிகாசமாகவே பதிலிறுத்தார். காணப்படாதது இல்லை என்ற கொள்கையுடைய சார்வாகன் வீட்டைவிட்டு வெளியே வந்தவுடன், மனைவி மக்களைக் காணாமையால் அவர்கள் இல்லையென்று தீர்மானித்து, மார்பில் அறைந்துகொண்டு அழவேண்டியவன் ஆவானே என்றார். இருந்திருந்தால் கண்ணுக்குத் தென்பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க பொருளின் விஷயத்தில்தான் காணாமை இல்லாமைக்குச் சான்றாகும். மேசைமேல் செம்பு இல்லை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். அதே மேசைமேல் பிசாசு இல்லை என்பதை அவ்வாறு பார்த்துச் சொல்ல முடியாது. புலனுக்கு எட்டாத பொருளைக் காணாமை ஐயத்தையே தரும், இல்லை என்ற நிச்சயத்தைத் தராது என்பதில் தர்மகீர்த்தியும் உடன்பட்டார்.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1952இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே எந்தத் தொலைநோக்கிக்கும் அகப்படாத சிறிய தேநீர்க் கூசா ஒன்று சூரியனைச் சுற்றி வருகிறது என்று தாம் சொன்னால், அதை எவராலும் பொய்யென்று நிரூபிக்க முடியாது. அதற்காக எவரும் அதை நம்பவேண்டிய கடமையும் இல்லை என்றார். மறுக்க முடியாமை வேறு, நம்பக் காரணம் உண்டாதல் வேறு. நிரூபிக்கும் பாரம் உண்டு என்பவன் தோளில் இருக்கிறது. இதனால் நாத்திகரிலும் இரு வகையினர் இருப்பது தெரிகிறது. கடவுள் இல்லை என்று துணிந்து கூறுகிறவர் தாமும் ஒரு கூற்றைச் சொல்கிறாராதலால் தாமும் ஆதாரம் காட்டக் கடமைப்பட்டவர். உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் எனக்குக் கிட்டவில்லை, ஆகவே நான் நம்பவில்லை என்கிறவருக்கு அந்தக் கடமை இல்லை.

சோதனைக்கு வரும் கூற்றுகள்

கடவுள் நம்பிக்கை என்பது தனியான ஒரு கூற்றன்று. பல கூற்றுகள் அடங்கிய மூட்டை. அவற்றுள் சில நேரே சோதிக்கத்தக்கவை. கேரளத்தில் திருவல்லாவில் 1898இல் பிறந்து, இலங்கையில் குடியேறி, தாவரவியல் ஆசிரியராக யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பணிபுரிந்த டாக்டர் ஆபிரகாம் கோவூர், 1963இல் ஓர் அறைகூவல் விடுத்தார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் கரன்சி நோட்டின் எண்ணைப் படித்தல், தண்ணீரைப் பெட்ரோலாகவோ மதுவாகவோ மாற்றுதல் முதலிய சித்திகளில் ஒன்றையேனும் ஏமாற்று வித்தைக்கு இடமில்லாத நிலைமையில் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்ச ரூபாய் தருவதாக அவர் அறிவித்தார். 1978இல் அவர் மறையும்வரை அந்தப் பரிசை ஒருவரும் பெறவில்லை. அந்தச் சித்திகளைத் தமக்கு உரிமை கொண்டாடியவர்களுக்கு இது தோல்வி. எனக்குச் சித்தி ஒன்றும் இல்லை, மன அமைதிக்காகவே வழிபடுகிறேன் என்கிற பக்தரை இது தீண்டவே இல்லை.

பிரார்த்தனையும் அவ்வாறே அளவைக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் இருதயத்தில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி நடத்திய பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2006இல் வெளியாயிற்று. முன்பின் அறியாதவர்கள் தமக்காகப் பிரார்த்திக்கலாம், பிரார்த்திக்காமலும் இருக்கலாம் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களில், பிரார்த்திக்கப்பட்டோரில் 52 சதவீதத்தினருக்கும் பிரார்த்திக்கப்படாதோரில் 51 சதவீதத்தினருக்கும் சிகிச்சைக்குப் பின் சிக்கல்கள் நேர்ந்தன. உமக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள் என்று அறிவிக்கப்பட்டவர்களிலோ அது 59 சதவீதமாயிற்று. பிறருடைய பிரார்த்தனை நோயைத் தணிக்கும் என்ற கூற்றுக்கு இந்த எண்கள் துணை செய்யவில்லை. இறைவனைச் சோதனைக்குழாயில் அடைக்க முடியாது என்று ஒருவர் சமாதானம் சொல்லலாம். சொல்லும்போதே, பிரார்த்தனையால் நோய் தீர்ந்தது என்று கணக்குக் காட்டும் உரிமையையும் அவர் விட்டுக்கொடுத்தவர் ஆகிறார்.

எஞ்சியிருப்பது சொந்த அனுபவம். மணிமேகலை தன் முற்பிறப்பைத் தானே அறிந்ததாகச் சொன்னபோது, தெய்வத்தின் மயக்கத்தாலோ கனவினாலோ மனம் திரிந்தவர் பேச்சு அது என்று பூதவாதி ஐயுற்றான். கண்டவளுக்கு அது காண்டல். கேட்டவனுக்கு அது உரை. தாமஸ் பெயின் 1794இல் வெளியிட்ட தம் நூலில் இதை அழுத்திச் சொன்னார்: வெளிப்பாடு என்பது அதைப் பெற்ற முதல் மனிதருக்குத்தான் வெளிப்பாடு, அவரிடமிருந்து கேட்பவர் எல்லாருக்கும் அது கேள்விச்செய்தியே. ஆகவே கண்டேன் என்பவரை நாம் பொய்யர் என்று தூற்றவேண்டியதில்லை. அவர் கண்டதை நம்மேல் கடமையாகச் சுமத்த அவருக்கு அதிகாரம் இல்லை என்பது மட்டுமே இதிலிருந்து பெறப்படுவது.

சான்றும் துணிவும்

போதிய ஆதாரம் இன்றி ஒன்றை நம்புவது எக்காலத்தும் எவருக்கும் தவறு என்று 1877இல் கணித அறிஞர் கிளிஃபோர்டு வாதித்தார். பழுதுபட்ட கப்பலைப் பழுதில்லை என்று தன் மனத்துக்குத் தானே சொல்லிக்கொண்டு, குடியேறிகளை ஏற்றி அனுப்பிய முதலாளி ஒருவனை அவர் உதாரணம் காட்டினார். கப்பல் மூழ்கினால் அவன் குற்றவாளி என்பதை எல்லாரும் ஒப்புவர். அது பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் அணுவளவும் குறையாது என்பது கிளிஃபோர்டின் தீர்ப்பு. 1896இல் தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸ் இதற்கு மறுமொழி கூறினார். உயிருள்ளதாய், தவிர்க்க முடியாததாய், வாழ்க்கையையே மாற்றக்கூடியதாய் உள்ள ஒரு விஷயத்தில், அறிவால் தீர்மானிக்க வழியே இல்லாதபோது, இருதயம் துணிய உரிமை உண்டு என்றார் அவர்.

இருவரும் பேசுவது வெவ்வேறு நிலைமைகளைப் பற்றி என்றே தோன்றுகிறது. தன் மனத்தின் ஆறுதலுக்காக ஒருவர் துணிந்து நம்பினால், அந்தத் துணிவின் இழப்பும் பேறும் அவருடையவை. அங்கே ஜேம்ஸ் சொல்வது பொருந்தும். மருந்தை நிறுத்திவிட்டு விபூதியை மட்டும் பூசு என்று பிள்ளையின் பெற்றோருக்குச் சொல்கிறவரும், இன்ன குலத்தார் இந்த வாசலுக்குள் வரக்கூடாது என்பது தெய்வத்தின் சித்தம் என்கிறவரும் பிறரைத் தம் கப்பலில் ஏற்றுகிறார்கள். அங்கே கிளிஃபோர்டின் தீர்ப்பிலிருந்து தப்ப வழியில்லை. கூற்றின் பளுவுக்கேற்பச் சான்று வளரவேண்டும் என்ற ஹியூமின் விதியோடு, கூற்றினால் பிறருக்கு நேரக்கூடிய தீங்குக்கேற்பவும் சான்று வளரவேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்வது நியாயம்.

இவ்வளவையும் கடைப்பிடிக்க ஒரு நிபந்தனை தேவைப்படுகிறது. அதையும் நம் முன்னோரே வகுத்திருக்கிறார்கள். நியாய சாத்திரம் கூறும் பதினாறு பதார்த்தங்களில் கடைசியானது நிக்கிரகஸ்தானம். வாதி தோற்றான் என்று தீர்ப்பளிக்கத்தக்க இடம் என்று அதற்குப் பொருள். அத்தகைய இடங்கள் 22 என்று அந்தச் சாத்திரத்தின் ஆசிரியரான கௌதமர் வகைப்படுத்தினார். வாதத்துக்கு வருகிறவன் தான் எப்போது தோற்றவனாகக் கருதப்படுவான் என்பதை அறிந்தே சபையில் அமர்ந்தான். இன்று சமயத்தைப் பற்றிப் பேசும் இரு தரப்பாரிடமும் நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. பக்தரே, எது நிகழ்ந்தால் உம்முடைய இந்தக் குறிப்பிட்ட கூற்றைக் கைவிடுவீர்? நாத்திகரே, லேகிளின் கற்களைப் போன்ற எந்தச் சான்று வந்தால் உம்முடைய மறுப்பைக் கைவிடுவீர்? எதுவும் என்னை அசைக்காது என்று விடை கூறுகிறவர், அவர் எத்தரப்பினராயினும், சான்றைப் பற்றிய வாதத்திலிருந்து தாமே எழுந்து போய்விட்டவர் ஆவார். இன்னது வந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று குறித்துச் சொல்ல முன்வருகிறவரோடுதான் பேசிப் பயன் உண்டு.